அலைன்மென்ட் பார்த்ததாகத் தாள் கொடுத்தார்கள், நட்டில் துரு அப்படியே இருந்தது

சாயல்குடி, ஏர்வாடி, மண்டபம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக்கூடாது.

என்னுடையது 2014 மாடல் சின்ன கார். சாயல்குடியிலிருந்து கருப்பட்டி ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு தடவை ராமேஸ்வரம் போய் வருவேன். மூட்டை ஏறியதும் வேகத்தடையில் அடி தட்டும். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டக்கென்று அடிக்கும். ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். சக்கரத்தைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்பிரிங்ல ரப்பர் பஃபர் போட்டா வண்டி நல்லாத் தூக்கிக்கும்ணே, அலைன்மென்டும் சேத்துப் பாத்துத் தர்றோம்" என்றார்கள். பஃபர் என்பது ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே செருகும் ரப்பர். எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். அலைன்மென்ட் என்றால் சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. அந்த அளவுகள் அச்சடித்த தாளும் கையில் கொடுத்தார்கள்.

வண்டி உயர்ந்தது உண்மை. ஆனால் அந்த வாரமே பாம்பன் பாலத்தில் உயிர் போய் வந்தது. பக்கவாட்டில் கடல்காற்று. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் முன்பக்கம் குதித்தது, குதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் இடதுபக்கம் ஓடியது. மனைவியும் மகளும் உள்ளே. இறங்கி ஓரமாக நிறுத்தியபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. போன் செய்தால், "புது பஃபர்ணே, ஓட ஓட செட் ஆயிரும்" என்றார்கள். நானும் நம்பி ஓட்டினேன்.

4,000 கிலோமீட்டரில் முன் டயர் இரண்டுக்கும் உள் ஓரம் வழுக்கை. உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தடவினால் வழவழவென்று இருந்தது, திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரி கீறியது.

அப்புறம் மண்டபத்தில் தெரிந்த ஒரு பாயிடம் கொண்டுபோனேன். முதல் வேலையாகச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். இடதுபக்கச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. முன்பக்கம் டக்கென்று அடித்ததற்கு இவைதான் காரணம். பஃபர் ஸ்பிரிங்கை விறைப்பாக்குமே தவிர, குதிப்பை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. செத்துப்போன ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்கினால் வண்டி குதிக்காமல் என்ன செய்யும்? உயரம் மாறினால் சக்கரத்தின் டோவும் (மேலிருந்து பார்த்தால் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சாய்ந்து நிற்கும் அளவு) மாறும், அதனால் அலைன்மென்ட் மறுபடி பார்த்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார்.

"பாத்தாச்சே பாய்" என்று தாளை நீட்டினேன். அவர் டார்ச்சை டை ராடு மேல், அதாவது ஸ்டீயரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி மேல், அடித்தார். நம் ஊர் உப்புக்காற்றில் இரும்பு எப்படி ஆகும் என்று தெரியுமே. அந்தக் கம்பி நகராமல் இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டும் மரையும் ஒன்றாகச் சேர்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தன. "தம்பி, இந்த நட்டைத் தளத்தாம உங்க வண்டில டோ மாத்தவே முடியாது. ஸ்பேனர் பட்ட தடம் எங்கயாச்சும் இருக்கா, நீங்களே பாருங்க." இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

தாளில் இன்னொன்றும் காட்டினார். பின்சக்கரத்தின் கேம்பரும் டோவும் முன்பு இவ்வளவு, சரிசெய்த பிறகு இவ்வளவு என்று அச்சடித்திருந்தது. என் காரில் பின்னால் இருப்பது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே பீம். அதில் திருப்பிச் சரிசெய்ய ஒரு போல்ட்டும் கிடையாது. எந்த வண்டியின் தாளையோ எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "நம்ம ரோடு அப்படிண்ணே" என்றார் முதலாளி. ஒரு ரூபாய் திரும்ப வரவில்லை. ரோடு மோசம்தான், ஆனால் நட்டைத் தொடாததற்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பஃபரைக் கழற்றி, முன் ஷாக் இரண்டும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் மாற்றி, டயர் இரண்டு புதிதாகப் போட்டு, கடைசியாக அலைன்மென்ட். இப்போது பாலத்தில் வண்டி நேராகப் போகிறது.

அலைன்மென்டுக்கு விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். டயரில் காற்று சரிபார்த்தார்களா, சக்கரத்தை ஆட்டி லூஸ் பார்த்தார்களா என்று கவனியுங்கள். விடுவதற்கு முன் டை ராடு நட்டின் குறுக்கே மரையோடு சேர்த்து பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். டோ மாற்றியதாகச் சொல்லியும் கோடு நகராமல் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். அந்தத் தாளும் தேய்ந்த டயர்களும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. இந்தப் பக்கம் வந்தால் நீங்களே தடவிப் பார்க்கலாம்.