வேலூரில் வீட்டு உதவிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி: வீல்சேரில் இருப்பவரின் பார்வையில்

நான் நோயாளி இல்லை. முதுகுத்தண்டில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, வீல்சேரில் இருக்கிறேன், அவ்வளவுதான். சத்துவாச்சாரியில் அம்மாவோடு வாடகை வீடு. வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். அம்மாவுக்கு மூட்டு தேய்ந்து, எனக்குக் கை கொடுக்க முடியாமல் போனதால் ஆள் தேட வேண்டியதாயிற்று. குறையும் சொல்லப் போவதால் ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை.

எனக்கு வேண்டியது காலையில் 2 மணி நேரம், இரவில் 1 மணி நேரம். அவர்களிடம் இருப்பதோ 12 மணி நேர டியூட்டி, இல்லையென்றால் 24 மணி நேரம். மிச்ச நேரம் அந்த ஆள் என் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? போனில் கேட்டால், "பேஷன்ட்டுக்குச் சாப்பாடு டியூப்லயா மேடம்?" என்றார் அந்தத் தம்பி. "பேஷன்ட் நான்தான். தோசை சாப்பிட்டுக்கிட்டேதான் பேசறேன்" என்றேன். அப்படியும் அடுத்த தடவை என் நம்பரை விட்டுவிட்டுச் சென்னையில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டு "பேஷன்ட் எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தார். பணம் கட்டுவது நான்.

பேசிப் பேசி, மணிக்கணக்கில் அனுப்பச் சம்மதித்தார்கள். முதலில் வந்தவர் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களையே பார்த்துப் பழகியவர். அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கப் பார்த்தார். எனக்குக் காலும் கையும் இந்தத் தோள்கள்தான். அது பிசகினால் எல்லாம் போச்சு. ஆளை மாற்றச் சொன்னேன். அந்த விஷயத்தில் ஏஜென்சி முகம் சுளிக்கவில்லை.

அடுத்து வந்தவர் அணைக்கட்டுப் பக்கத்து அக்கா. பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் சொன்னால் கேட்டுக்கொள்வார். பாகாயம் ரீஹேபில், அதாவது மறுவாழ்வு மையத்தில், எனக்குச் சொல்லித் தந்ததை அவருக்குச் சொன்னேன். வீல்சேரைக் கட்டிலை ஒட்டிக் கொஞ்சம் சாய்வாக நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் பிரேக். கட்டில் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு நகர்வதற்கென்றே இருக்கும் பலகையின் ஒரு முனையை என் தொடைக்கு அடியில் செருகி, மறுமுனையைச் சீட்டில் வைத்தால், கையை ஊன்றி நானே நகர்ந்துவிடுவேன். கால் சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் நாள், "இன்னா பாப்பா, நீயே நவுந்துக்கினியே, அப்பறம் நான் இன்னாத்துக்கு?" என்றார்.

அவர் இருப்பது அதற்கு அடுத்த வேலைக்கு. உட்கார்ந்ததும் அடியில் நைட்டி மடிந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். உணர்வில்லாத இடத்தில் ஒரு மடிப்பு இருந்தாலும் எனக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். இரவில் உடை மாற்றும்போது சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண்ணின் தொடக்கம். சிவப்பு மறையும்வரை அந்த இடத்தில் பாரம் படக்கூடாது. வேலூர் வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். இந்த ஒரு வேலைக்கே நான் கொடுக்கும் காசு தகும்.

பாகாயத்தில் அந்த ரீஹேபை 1966-இல் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் வீல்சேரில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தவர். அதே ஊரில் ஆள் அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பலகை என்னவென்றே தெரியவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

சமையல் என் பொறுப்பு. தாழ்வான மேசையில் அடுப்பு வைத்திருக்கிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் நானே நறுக்கி நானே தாளிப்பேன். குழம்புச் சட்டியை இறக்குவது மட்டும் அக்கா. சூடானது மடியில் கொட்டினால் தோல் வெந்த பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டைப் பளிச்சென்று வைத்திருக்கிறார், ஆனால் துடைக்கிற மும்முரத்தில் உப்பு ஜாடியை மேல் தட்டில் ஏற்றிவிடுவார். எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் மாறவில்லை.

ஏஜென்சி மேல் பெரிய குறை, மாற்று ஆள். அக்காவுக்குக் காய்ச்சல் வந்த அன்று 7 மணிக்கு ஆள் வரும் என்றார்கள், பத்தரைக்கு வந்தார். வீடு பெருக்கத் தாமதமானால் பரவாயில்லை. எனக்கு மோஷன் போவதும், சிறுநீர் எடுக்கக் கதீட்டர் குழாய் வைப்பதும் நேரக் கணக்கில் ஓடுபவை. அது தவறினால் அன்றைய நாளே கெட்டது. ஆபீசில் "டிராபிக் மேடம்" என்றார்கள். கிரீன் சர்க்கிளில் நெரிசல் உண்மைதான், ஆனால் மூன்றரை மணி நேரமா?

மாதம் 9,000 ரூபாய் ஆகிறது. பதிவுக் கட்டணம் 1,500, அது திரும்பி வராது. அரசு உதவித்தொகை 2,000 வருகிறது. மிச்சம் என் சம்பாத்தியத்திலிருந்துதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோவுக்கு வீட்டுக்கே வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் குளிக்கவைக்கவும் துணி துவைக்கவும் யாரும் வரமாட்டார்கள், அதற்கு நாம்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

இவர்களிடம் போவதாக இருந்தால், "பேஷன்ட் கேர்" என்று கேட்காமல் என்னென்ன வேலை, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத் தாளில் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். ஏஜென்சியை விட்டுவிட்டு ஆளை நேரடியாக வைத்துக்கொண்டால் ஒரு மாதத் தொகை அபராதம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.