கேரவன்ல "எரிமலை உச்சி" டிரிப்பா? 34,500 ரூபாய் போச்சு, உஷார்

நேத்து ராத்திரிதான் போடிமெட்டுல இருந்து தேனிக்குத் திரும்பினோம். சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். போனது 34,500 ரூபாய்.

ஆன்லைன்ல கேரவன் வாடகைக்கு விடற ஆளுங்க. "சூரியநெல்லி, கொழுக்குமலை, மீசப்புலிமலை: ஆதிகால எரிமலைச் சிகரங்களில் 2 இரவு"ன்னு விளம்பரம். அங்கேயே உஷாராகியிருக்கணும். அந்த மூணாறு பக்கம் எரிமலை ஏது? எல்லாம் பூமிக்குள்ள ஆழத்துல உருவான கிரானைட், நைஸ் (gneiss), சார்னோக்கைட் பாறைங்க. நம்ம பல்லாவரம் மலைப் பாறை ஜாதிதான். எரிமலைக் குழம்பு உறைஞ்ச மலை வேணும்னா மகாராஷ்டிராவுல கள்சுபாய் (1,646 மீட்டர்) பக்கம் போகணும். அது சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முந்தின சமாசாரம்.

கவுத்தது வீடியோ கால். ஓனர் படுக்கையை விரிச்சான், குழாயைத் திறந்து தண்ணி விட்டான், பேட்டரியில ஒட்டியிருந்த 150 ஆம்பியர்-அவர் (எவ்ளோ கரண்ட் சேமிக்கும்ங்கற அளவு) ஸ்டிக்கரைக் கிட்ட காட்டினான். "அண்ணே, ஃபாரஸ்ட் பாஸ் நம்ம பொறுப்பு, வண்டி கொழுக்குமலை உச்சி வரைக்கும் போகும்." மொத்தப் பணமும் அந்த நிமிஷமே ஜிபே.

வந்தது வேற வண்டி, ஒயிட் போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டி. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிச்சா செக்போஸ்ட்ல வாடகை பெர்மிட் கேட்டு நிறுத்திட்டாங்க. ராத்திரி ஓரங்கட்டிக் கிடந்தோம். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அதனால 150-ல 75தான் கணக்கு. ஃப்ரிட்ஜ் 4 ஆம்பியர் இழுத்தாலும் 18 மணி நேரம் வரணும். இது ரெண்டே மணி நேரத்துல படுத்துருச்சு, செல் செத்த பழைய பேட்டரி. கேஸ் ட்யூபை மடிச்சா வரிவரியா வெடிப்பு. அதுல அடுப்பு பத்த வைக்கச் சொன்னான் டிரைவர்!

கொழுக்குமலைக்கு சூரியநெல்லியில இருந்து ஜீப்தான் ஏறும். மீசப்புலிமலைக்கு (2,640 மீட்டர்) கேரள வன மேம்பாட்டுக் கழகத்துல புக்கிங் வேணும். "பாஸ்"னு ஓனர் அனுப்பினது ஏதோ ஒரு பில்லோட போட்டோ. மலையேறப் போனவங்க செத்துப்போன 2018 குரங்கணி காட்டுத் தீக்கு அப்புறமும் இந்தத் துணிச்சல்.

ஓனருக்குப் போன் போட்டா "டிரைவர்கிட்ட பேசுங்க". டிரைவர் "ஓனர்கிட்ட பேசுங்கண்ணே". அப்புறம் "7 வேலை நாள்ல 34,500 வந்துரும்". கடைசியா "வண்டியில ஏறி உட்கார்ந்துட்டீங்களே, ரீஃபண்ட் எப்படி?" இப்போ பிளாக்.

விவரமா டிப்ஸ் எழுதணும்னு இருந்தேன், முடியல. டிரைவரோட வர்ற வாடகை வண்டி ஒயிட் போர்டுன்னா வேண்டாம். வண்டி நம்பரை எம்பரிவாகன் (mParivahan) அரசு ஆப்ல பாருங்க. பாஸ் உங்க பேர்ல இருக்கான்னு பாருங்க. முழுப் பணம் முன்னாடியே போடாதீங்க. ஏமாந்துட்டா உடனே 1930, சைபர் கிரைம் ஹெல்ப்லைன். நானும் இப்போ அந்த லைன்லதான் காத்திருக்கேன்.