எச்சரிக்கை: ஜெரேனியம் எண்ணெய் என்று நம்பி 240 யூரோவை இழந்தேன்

என் 240 யூரோ இனித் திரும்பி வராது என்பது நேற்று மாலை உறுதியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கள் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் மூலிகை எண்ணெய் விற்கும் இணையக் கடை ஒன்றில், தலா 100 மில்லி கொண்ட இரண்டு புட்டி ஜெரேனியம் எண்ணெய் வாங்கினேன். வாங்குமுன் கவனிக்க வேண்டிய சிலவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். கால்விரல் இடுக்கில் பூஞ்சைப் புண். கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். என் குடும்பப் பெயரைக் கேட்டதும் மறுமுனையில் இருந்தவர் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாறினார். கோவில் வாசலைத் தாண்டினால் கிரெயோலும் பிரெஞ்சும் மட்டுமே காதில் விழும் இந்தத் தீவில், முன்பின் தெரியாத ஒருவர் "அண்ணா" என்று அழைத்தால் மனம் இளகத்தான் செய்கிறது. "அண்ணா, நம்ம அம்மாவுக்குத்தானே? தைரியமா வாங்குங்க. லெ தாம்போன் மலையில எங்க சொந்தத் தோட்டம். பூவைப் பறிச்ச அன்னைக்கே காய்ச்சிடுவோம்" என்றார். பூ என்று சொன்னபோதே நான் விழித்திருக்க வேண்டும். ஜெரேனியத்தின் வாசம் இலையில்தான் இருக்கிறது. இலையையும் இளந்தண்டையும் நீராவியில் வடித்தால், ஆயிரம் கிலோ தழைக்கு ஒன்றிரண்டு கிலோ எண்ணெய்தான் தேறும். மலைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரியாததன்று. இருந்தும் அன்றிரவே 240 யூரோவை அனுப்பினேன்.

மூன்று நாள் தடவியதில் அம்மாவின் பாதம் சிவந்து தடித்தது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனி, புட்டியோடு வந்த வாயு வண்ணப்பிரிகைத் தாளை, அதாவது எண்ணெயில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்று காட்டும் ஆய்வுத் தாளை, வாங்கிப் படித்தாள். சிட்ரோனெல்லோல், ஜெரானியோல், லினலூல் ஆகிய மணப்பொருள்கள் எந்த ஊர் ஜெரேனியத்திலும் இருக்கும். முதல் இரண்டும் ரோஜா எண்ணெயிலும் முதன்மையானவை என்பதால்தான் மணம் ரோஜாவை ஒத்திருக்கிறது. ஊரைக் காட்டிக்கொடுப்பவை வேறு. எங்கள் தீவின் பூர்போன் வகையில் குவாயா-6,9-டையீன் என்ற பொருள் கணிசமாக இருக்கும். எகிப்திய எண்ணெயில் அதற்குப் பதிலாக 10-எபி-காமா-யூடெஸ்மோல் தூக்கலாக இருக்கும். 'சொந்தத் தோட்டத்து' எண்ணெய்க்கு அவரே அனுப்பிய தாளில் பின்னது இருந்தது, முன்னது இல்லை! போதாக்குறைக்குத் தாளில் ஒரு தயாரிப்புத் தொகுதி எண், புட்டியில் வேறொன்று. காகிதத்தில் விட்டால் ஆவியாகிவிட வேண்டிய துளியோ இரண்டு நாள் கழித்தும் பஜ்ஜி வைத்த தாள்போல் பளபளத்தது.

இந்த எண்ணெய் பூஞ்சையைக் கொல்வது ஆய்வில் நிரூபணமானது என்றும் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆய்வகத் தட்டில் கேண்டிடா பூஞ்சையையும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவையும் இந்த எண்ணெய் தடுப்பது உண்மையே. ஆனால் அந்தத் தட்டுக்குச் சர்க்கரை நோய் இல்லை. நான் மேலே சொன்ன சிட்ரோனெல்லோல், ஜெரானியோல், லினலூல் மூன்றும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அழகுப்பொருள்களின் மேலுறையில் ஒவ்வாமை கருதிக் குறிப்பிடப்பட வேண்டியவை என்பதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

முதல் முறை கேட்டபோது, வெயிலில் வந்ததால் எண்ணெய் அப்படி ஆகியிருக்கும் என்றார். அடுத்த முறை தாள் மாறிவிட்டதாம், சரியானதை அனுப்புவாராம், வரவில்லை. பிறகு கணக்கு வழக்கெல்லாம் கூட்டாளிதான் பார்க்கிறார் என்றார். நேற்று வேறு எண்ணிலிருந்து அழைத்து 240 யூரோவைத் திருப்பிக் கேட்டேன். அதே குரல், தனக்குத் தமிழ் புரியாது என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தது.

தொகுதி எண் இரண்டு இடத்திலும் ஒன்றா என்று பாருங்கள். காகிதத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்; சமையல் எண்ணெய்க் கலப்பு அதில் பிடிபடும், செயற்கை சிட்ரோனெல்லோல் பிடிபடாது. நீரிழிவுக்காரர் காலில் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவாதீர்கள். மற்றதை எழுத இப்போது நேரமில்லை. பத்து மணிக்கு அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.