லூர்து திருத்தலம்: நோயாளியோடு போகிறவர்களுக்கு

பிரான்சில் உள்ள மாதா திருத்தலமான லூர்து என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "குணமாகுமா?" என்றுதான். அதற்குத் திருத்தலமே கறாராகக் கணக்கு வைத்திருக்கிறது. 1883 முதல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. குணமடைந்தோம் என்று வந்து பதிந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். திருச்சபை அவற்றில் புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்றது, 2025 வரை, 72 மட்டும். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். குணம் சட்டென்று, முழுமையாக வந்து நிலைக்க வேண்டும், சிகிச்சையால் வந்தது என்று சொல்ல வழி இருக்கக்கூடாது. பெர்னதெத் மொரியோ என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி 2008இல் வந்துபோன பிறகு குணமானார். அதைப் புதுமை என்று அவருடைய மறைமாவட்ட ஆயர் அறிவித்தது 2018இல். ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வந்துபோகும் இடத்தில் இதுதான் கணக்கு. குணமடைவதை மட்டும் நம்பி டிக்கெட் போடுகிறவர்களுக்கு லூர்து சரிப்படாது.

ஆனால் நோயாளிக்கு மரியாதை கொடுப்பதில் லூர்தை மிஞ்ச ஆளில்லை. ஊரின் சாலை ஓரங்களில் சிவப்பு வண்ணம் பூசிய தனித்தடம் இருக்கிறது, நோயாளி வண்டிகளுக்கென்றே. மூன்று சக்கரமும் நீல நிற மடக்குக் கூரையும் உள்ள அந்த வண்டியை ஒருவர் முன்கம்பியைப் பிடித்து இழுப்பார், இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளுவார். மாதா காட்சி தந்த குகையான கெபியிலும் பவனியிலும் பூசையிலும் முன்வரிசை நோயாளிகளுக்குத்தான். நடக்க முடிந்தவர்கள், பணம் உள்ளவர்கள், பதவியில் உள்ளவர்கள் எல்லாம் பின்னால். வீட்டில் பாரமாகிவிட்டோமோ என்று கூனிக் குறுகும் ஒருவரை ஆயிரக்கணக்கானோர் ஒதுங்கி நின்று முன்னே விடும்போது அவர் முகம் மாறுகிறது. எந்தப் பிரசங்கத்தாலும் இது ஆகாது.

வண்டி தள்ளும் தொண்டர்கள் சம்பளக்காரர்கள் அல்ல. 1885இல் தொடங்கிய தொண்டர் அமைப்பின் கீழ், சொந்தச் செலவில் விடுமுறை எடுத்து வருகிறவர்கள். கைதேர்ந்தவர்கள் என்றாலும் மொழி இடிக்கும்: பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம், ஸ்பானிஷ் ஓடும். தமிழில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய வேண்டுமானால் தமிழ்க் குருவோடு வரும் குழுவில் சேர்வதே வழி. ஐரோப்பாவில் வாழும் ஈழத்தமிழர்கள் அப்படித்தான் போகிறார்கள்.

தங்குமிடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நோயாளிகளுக்காக இரண்டு இல்லங்கள் உண்டு. ஒன்று ஆற்றங்கரையில் உள்ள நோத்ர் தாம் இல்லம், 1997இல் திறந்தது, சுமார் 900 படுக்கை. மற்றொன்று மரி சேன் ஃப்ரே. இரண்டுமே மருத்துவமனை அல்ல. மருத்துவரையும் செவிலியரையும் திருயாத்திரைக் குழுதான் கூட்டிவர வேண்டும். தனிக் குடும்பமாகப் போய் வாசலில் நின்று இடம் கேட்டால் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். குழுவோடு போவதானால் மருத்துவர் நிரப்பித் தரும் படிவம் கேட்பார்கள்: நோய், மருந்து அளவு, ஆக்சிஜன் வேண்டுமா, தானாக எழுந்து நடப்பாரா என்று. அதில் நோயைக் குறைத்து எழுதாதீர்கள். எழுதியதை வைத்துத்தான் படுக்கையும் ஆளும் ஒதுக்குவார்கள். ஹோட்டலில் தங்கினால் திருத்தல வாசலை ஒட்டிய கீழூரில் பாருங்கள். மேலூரிலிருந்து இறங்கி ஏறும் சரிவு சக்கர நாற்காலிக்காரருக்கும் தள்ளுகிறவருக்கும் தண்டனை.

போய்ச்சேர பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் வலி மருந்துக்கு, முக்கியமாக மார்ஃபினுக்கு, மருத்துவர் கடிதமும் சீட்டும் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம். 1858 பிப்ரவரி 11இல் தொடங்கி ஜூலை 16 வரை, மசபியேல் குகையில் பெர்னதெத் சுபிரூ என்ற 14 வயது ஏழைப் பெண்ணுக்கு மாதாவின் பதினெட்டுக் காட்சிகள். பிப்ரவரி 25 அன்று அவள் கையால் தோண்டிய இடத்தில் ஊறியதே இந்த ஊற்று. குழாய்களில் இலவசம். மாதா வடிவ பிளாஸ்டிக் குப்பிக்குத்தான் கடையில் காசு. அதன் நீல மூடி ஒழுகும், பெட்டிக்குள் துணியெல்லாம் நனையும். திருகுமூடி உள்ள சாதாரணக் குப்பியே மேல். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விமானத்தில் விடமாட்டார்கள். குளியல் தொட்டிகளில் நீர் சுமார் 12 டிகிரி, ஐஸ் மாதிரி இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் தொட்டியில் முக்குவதில்லை. தொண்டர் கையில் ஊற்ற, கையையும் முகத்தையும் கழுவிக் கொஞ்சம் குடிப்பதோடு சரி. முழுக்குப் போட நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பலவீனமானவர்களுக்கு இந்தப் புது முறையே நல்லது என்பது என் கருத்து.

மாலை 5 மணிக்கு நற்கருணைப் பவனி, முடிவில் நோயாளிகளுக்கு ஆசீர். இரவு 9 மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி. இவை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஒரே நாளில் இரண்டுக்கும் போனால் நோயாளி சோர்ந்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒன்று போதும். மலையடிவாரம் என்பதால் ஜூலையிலும் ராத்திரி குளிரும், சட்டென்று மழை பிடிக்கும், கம்பளி கட்டாயம். குன்றின் மேல் உள்ள சிலுவைப்பாதை செங்குத்து. ஆற்றின் மறுகரைச் சமதரையில் வெள்ளைச் சலவைக்கல்லில் இன்னொன்று இருக்கிறது, வண்டியோடு நிலைக்கு நிலை போகலாம். அதைத் தெரியாமல் மேலே தூக்கிச் சுமந்து மூச்சு வாங்குகிறவர்கள் உண்டு.

நோயில்பூசுதல் என்ற திருவருட்சாதனத்தைப் பெற விரும்பினால் குழுவின் குருவிடம் முன்பே பெயர் கொடுங்கள். நெற்றியிலும் இரு கைகளிலும் எண்ணெய் பூசுவார்கள். இதைச் சாகப்போகிறவருக்கான அவஸ்தைபூசுதல் என்று நினைத்து மறுக்கும் பெரியவர்களுக்குப் புறப்படுமுன்பே விளக்கிவிடுங்கள். கடும் நோயில் உள்ளவர் யாரும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். கூட வந்த திடகாத்திரமான ஆட்களும் வரிசையில் நிற்பது தவறு.

இனி இந்த இடத்தின் உள்சரக்கு. பெர்னதெத்துக்கு வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா, பிறகு முழங்காலில் காசநோய். அந்த ஊற்று அவரைக் குணமாக்கவில்லை. நெவேர் மடத்தில் 1879 ஏப்ரல் 16 அன்று 35 வயதில் இறந்தார். நோயாளியாக இருப்பதே தன் வேலை என்று அவர் சொன்னதாக மடத்தார் குறித்திருக்கிறார்கள். கொலோசையர் 1:24இல் பவுல் தம் பாடுகளைச் சபைக்காக என்று சொல்கிறாரே, அதே வழிதான். நடைமுறையில் இதை எளிதாகச் செய்யலாம். பூசையில் காணிக்கை நேரத்தில் நோயாளி ஒரே ஒரு பெயரை நினைத்து, "இன்றைய வலி இவருக்காக" என்று ஒப்புக்கொடுக்கட்டும். உலகத்துக்காக என்று பெரிதாக எடுத்தால் மனம் நிலைக்காது. சண்டை போட்ட மருமகளுக்காக, வேலை தேடும் பேரனுக்காக என்றால் நிலைக்கும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவருக்கும் மறுநாள் காலை ஒரு வேலை இருக்கும்.

ஒப்புக்கொடுப்பது நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும். வலியில் துடிப்பவரிடம் கூட இருப்பவர் "ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்று சொன்னால், அது வாயை மூடு என்பதாகவே கேட்கும். குழுவோடு வரும் சில பக்திமான்கள் இதைத் தயங்காமல் செய்கிறார்கள். பழகிய தொண்டர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். பாடு புனிதம் என்று மாத்திரையை ஒளித்துவைக்கும் நோயாளிகளும் உண்டு. வலி மருந்து எடுப்பதில் தவறில்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே சொல்லிவிட்டார். மருந்து நேரத்தைப் பவனிக்காகத் தள்ளிப்போடக்கூடாது.

வேளாங்கண்ணிக்குப் பழகியவர்களுக்கு லூர்து கொஞ்சம் வறட்சியாகத் தோன்றலாம். மொட்டை கிடையாது, வெள்ளி உறுப்புக் காணிக்கை கிடையாது, கொடியேற்றச் சத்தம் கிடையாது. வாசலுக்கு வெளியே கடைத்தெரு மட்டும் இரண்டிலும் ஒரே லட்சணம். பயணம் தாங்காதவர்களை வற்புறுத்தி லூர்துக்கு இழுக்காதீர்கள். புதுச்சேரி பக்கத்து வில்லியனூர் மாதா கோயில் குளத்தில் லூர்து தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். அதைவிட, வீட்டிலேயே பங்குக் குருவை அழைத்து நோயில்பூசுதலும் நற்கருணையும் பெறுவதில் எந்தக் குறைவும் இல்லை. போவதென்றால் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நெரிசலைத் தவிர்த்து மே அல்லது செப்டம்பரில், குழுவோடு, குறைந்தது மூன்று இரவு தங்கும்படி போங்கள். பராமரிப்பவர் ஒருவராக இருந்தால் அவரும் படுத்துவிடுவார். இரண்டு பேர் வேண்டும்.