போர்டு எரிந்துவிட்டது என்றார்கள். சிக்கியிருந்தது ஒரு காலுறை

வாஷிங் மெஷின் துவைக்கிறது, அலசுகிறது, ஆனால் ஸ்பின் சுற்றாமல் நின்றுவிடுகிறது என்றால், யாரையும் அழைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். டிரம்மில் தண்ணீர் நிற்கிறதா? நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. அதன் விலையை என் அப்பா கொடுத்தார்.

எங்களுடையது முன்பக்கம் கதவுள்ள ஃப்ரண்ட் லோடு வகை. வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன, உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒருநாள் இரவு அலசி முடித்த பிறகு அப்படியே நின்றது. கண்ணாடி வழியே பார்த்தால் துணிகள் ஒரு சாண் தண்ணீரில் கிடந்தன. திரையில் இரண்டு எழுத்துகள் மின்னின. ஸ்பின்னை மட்டும் தேர்ந்தெடுத்து மீண்டும் ஓடவிட்டேன். அடியில் ஏதோ உறுமும் சத்தம், பிறகு அமைதி, மீண்டும் அதே இரண்டு எழுத்துகள். மோட்டார் போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த எழுத்துகளுக்குப் பொருள் என்னவென்று கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரியில் அச்சிட்டிருக்கிறார்கள்: "தண்ணீர் வெளியேறவில்லை." நான் அதைப் படித்தது பதினொரு நாள் கழித்து.

கையேட்டை எடுப்பதற்குப் பதில் கைப்பேசியை எடுத்தேன். நிறுவனத்தின் பெயரோடு 'சர்வீஸ் சென்டர்' என்று சேர்த்துத் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் நிறுவனத்தின் சின்னமும் நிறமும் இருந்தன, பெரிய எழுத்தில் ஓர் எண்ணும் இருந்தது. அது காசு கொடுத்து மேலே வரவைத்த விளம்பரம் என்பதை அப்போது கவனிக்கவில்லை. எடுத்துப் பேசியவர் "கஸ்டமர் கேர், சொல்லுங்கள்" என்றார். எந்த நிறுவனத்தின் கஸ்டமர் கேர் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எந்த நிறுவனத்தின் மெஷின் என்று அவர்தான் என்னிடம் கேட்டார்! உண்மையான சேவை மையத்தில் யாராவது அப்படிக் கேட்பார்களா? அந்த ஒரு கேள்வியிலேயே நான் அழைப்பைத் துண்டித்திருக்க வேண்டும்.

மறுநாள் நண்பகலில் ஆள் வந்தார். நான் வேலையில் இருந்தேன், வீட்டில் அப்பா மட்டும். அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. வந்தவர் ஒரு பொத்தானைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. திரையில் என்ன வருகிறது என்று கேட்கவில்லை, தண்ணீர் நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேல்மூடியைக் கழற்றினார், மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டை வெளியே எடுத்தார், அதிலிருந்த பழுப்பு நிறத் திட்டு ஒன்றைக் காட்டினார். "ஐயா, போர்டு எரிந்துவிட்டது. இப்படியே ஓடவிட்டால் மோட்டாரும் போய்விடும். நல்லவேளை, இப்போதே கூப்பிட்டீர்கள்" என்றிருக்கிறார். அப்பா அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். நான் சரி என்று பதில் போட்டேன். இதை மறைக்கப் போவதில்லை, ஒப்புதல் கொடுத்தது நான்தான். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, "பட்டறையில் சோதிக்க வேண்டும்" என்று போர்டையும் எடுத்துப் போய்விட்டார். கொடுத்த சீட்டில் நிறுவனத்தின் பெயரோ முகவரியோ இல்லை. ஒரு தொகையும் ஒரு கிறுக்கலும் இருந்தன.

இரண்டு நாள் கழித்து வந்து புதிய போர்டு என்று ஒன்றைப் பொருத்தினார். அதற்கு முன் கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து, அவசரக் காலத்தில் தண்ணீரை இறக்குவதற்கென்று இருக்கும் மெல்லிய குழாயை இழுத்து, நின்றிருந்த தண்ணீரை எல்லாம் வாளியில் பிடித்திருக்கிறார். துணிகளையும் வெளியே எடுக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு ஸ்பின்னைப் போட்டார். காலி டிரம், சொட்டுத் தண்ணீர் இல்லை. பம்பரம் போலச் சுற்றியது. அப்பா மகிழ்ச்சியோடு மீதிப் பணத்தைக் கொடுத்து, அவருக்குக் குடிக்கவும் ஏதோ கொடுத்து அனுப்பினார்.

இந்த இடத்தில்தான் மோசடி இருக்கிறது, அதனால் சற்று விளக்கிச் சொல்கிறேன். 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றும்போது, அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் துணியின் மீது அதன் எடையைப் போல ஏறக்குறைய 400 மடங்கு விசை செயல்படுகிறது. ஒரு கிலோ ஈரத்துணி ஒரே பக்கமாகக் குவிந்தால் 400 கிலோ எடை ஒரு பக்கம் இழுப்பதற்குச் சமம். இந்த நிலையில் தண்ணீரையும் வைத்துக்கொண்டு சுற்றினால் மெஷின் தாங்காது. ஆகவே டிரம் இருக்கும் தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக்குழாய் மேலே உள்ள உணரிக்குப் போகிறது. தண்ணீர் ஏறினால் குழாயில் அடைபட்ட காற்றின் அழுத்தம் கூடும், வடிந்தால் குறையும். அழுத்தம் குறைந்தது என்று உணரி சொன்னால்தான் போர்டு வேகமான சுற்றுக்கு அனுமதி தரும். எங்கள் மெஷின் பழுதாகி நிற்கவில்லை. தண்ணீர் வடியாததால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானாக நின்றிருந்தது. அந்தத் தண்ணீரைக் கையால் இறக்கிவிட்டால் எந்த போர்டும் மாற்றாமலே சுற்றும். இது அவருக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்று இரவே துணி போட்டேன். அதே உறுமல், அதே தண்ணீர், அதே இரண்டு எழுத்துகள்.

தொலைபேசியில் அழைத்தேன். முதல்முறை, அதிகத் துணி போட்டிருப்பீர்கள் என்றார்கள். இரண்டாம் முறை, இது வேறு கோளாறு, பம்பும் மோட்டாரும் மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பழைய போர்டைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அதன்பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

ஒரு வாரம் கையால் துவைத்தோம். பிறகு உடன் வேலை செய்பவர் தனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை அனுப்பினார். வந்தவர் ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை. "தண்ணீர் வடிகிறதா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வடிகால் குழாயின் முனையை வாளியில் விடச் சொன்னார், தண்ணீரை வெளியேற்றும் சுற்றை மட்டும் ஓடவிட்டார், அடியில் காதை வைத்துக் கேட்டார். பம்ப் உறுமியது, வாளியில் சொட்டு விழவில்லை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கீழே தட்டும் துணியும் விரித்து, தண்ணீர் வெளியேறும் வழியில் குப்பையைத் தடுக்கும் ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கழற்றினார். நூலும் பஞ்சும் சேர்ந்து களிமண் போலத் திரண்டிருந்த உருண்டை, அதற்குள் என் மகனின் சின்ன வயதுக் காலுறை ஒன்று. அதற்கும் உள்ளே, பம்பின் இறக்கையில் ஒரு கூந்தல் ஊசி குறுக்கே மாட்டியிருந்தது. இருபது நிமிடங்களில் வேலை முடிந்தது. நிறையத் தண்ணீரும் துணியுமாக முழுச் சுற்று ஓடவிட்டு, கடைசிவரை அருகிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

போகும் முன் போர்டையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். பழுப்புத் திட்டு அங்கேயே இருந்தது. உதிரிகள் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் வைக்கும் பசை, சூட்டில் நாளடைவில் அப்படித்தான் நிறம் மாறும் என்றார். அப்பா அன்று அனுப்பிய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். போர்டின் ஒட்டுவில்லையில் இருந்த வரிசை எண்ணும், இப்போது மெஷினுக்குள் இருக்கும் போர்டின் எண்ணும் ஓர் எழுத்து மாறாமல் ஒன்றுதான். எங்கள் போர்டையே இரண்டு நாள் பையில் வைத்திருந்து எங்களுக்கே விற்றிருக்கிறார்கள்.

பணத்தைவிட அதிகமாக என்னை வருத்துவது வேறு. அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் பக்கத்திலேயேதான் நின்றேன்" என்றார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் பேசவில்லை. பகலில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளைத்தான் இவர்கள் நம்பியிருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். தயவுசெய்து அவர்களைத் தனியாக இருக்கும்போது பழுது பார்க்க வருபவரிடம் விடாதீர்கள். விடுமுறை நாளுக்குத் தள்ளிப் போடுங்கள். ஈரத்துணி காத்திருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகும் சுற்றவில்லை என்றால் காரணம் வேறு, ஆனால் அப்போதும் போர்டு கடைசியில்தான் வர வேண்டும். கம்பளி போன்ற ஒரே ஒரு கனமான துணியைப் போட்டால் அது ஒரு பக்கம் குவியும். மெஷின் அதைப் பரப்பிவிடப் பலமுறை முயன்று, முடியாமல் ஸ்பின்னைக் கைவிடும். கூட இரண்டு மூன்று துவாலைகளைச் சேர்த்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சோப்புத் தூள் அதிகமானால் நுரை நிறைந்து சுற்றைத் தடுக்கும். மென்மையான துணிகளுக்கான சுற்றில் ஸ்பின் மெதுவாகவே இருக்கும், சில மெஷின்களில் அலசிய தண்ணீரோடு நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. அது தவறுதலாகத் தேர்வாகியிருக்கலாம். கதவோ மேல்மூடியோ சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்றாலும் சுற்றாது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தப் பிடிமானமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால், பெல்ட் உள்ள வகைகளில் பெல்ட் கழன்றிருக்கலாம். மோட்டார் முனகுகிறது, சுற்றத் தொடங்க முடியவில்லை என்றால் சிலவற்றில் கெப்பாசிட்டர், சிலவற்றில் தேய்ந்துபோன கார்பன் பிரஷ். இரண்டும் சிறிய உதிரிகள். இரட்டைத் தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் வகையில், பிழியும் கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே ஒரு கைக்குட்டை நழுவி விழுந்தாலே போதும், கூடை அசையாது.

போர்டு எரியவே எரியாது என்று நான் சொல்லவில்லை. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும், உள்ளே ஈரமோ பூச்சியோ புகுவதாலும் போர்டுகள் கெடுகின்றன. ஆனால் துவைத்தல், அலசுதல், திரை, பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்து, தண்ணீர் மட்டும் தேங்கி நிற்கும் மெஷினில் முதல் சந்தேகம் போர்டின் மீது விழுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஃபில்டரை நீங்களே கழற்றலாம், அச்சம் வேண்டாம். ஆனால் வெந்நீரில் துவைத்த உடனே திறக்காதீர்கள், கொதிநீர் காலில் கொட்டும். ஆறும்வரை காத்திருந்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சின்னக் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியே தண்ணீரை இறக்குங்கள். பிறகு ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள். அதற்கு மேல் உள்ளே கையை விடுவதோ மூடிகளைக் கழற்றுவதோ வேண்டாம். கெப்பாசிட்டரில் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஆளை அழைத்தே ஆக வேண்டும் என்றால், எண்ணைத் தேடலில் எடுக்காதீர்கள். கையேட்டிலும் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலும் அது இருக்கிறது, பல மெஷின்களில் உடம்பில் ஒட்டிய வில்லையிலும் இருக்கும். புகார் எண் கேட்டு வாங்குங்கள். வந்தவர் எதைக் கழற்றினாலும் அதன் எண் தெரியும்படி படம் எடுங்கள். பழைய உதிரி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். எடுத்துப் போயே ஆக வேண்டும் என்றால், அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். காலி டிரம் சுற்றுவதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீரும் துணியுமாக முழுச் சுற்று முடியட்டும்.

இரண்டு படங்களையும் சீட்டையும் அழைப்பு விவரங்களையும் சேர்த்துக் காவல்துறையில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். தன் பெயரில் இது நடக்கிறது என்று நிறுவனத்துக்கும் எழுதிவிட்டேன். பணம் திரும்பவில்லை. நேற்று மீண்டும் தேடிப் பார்த்தேன். முதல் இடத்தில் வேறொரு நிறுவனத்தின் சின்னத்தோடு புதிய பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் இருப்பது அதே எண். அந்தப் பக்கத்தின் மீதும் புகார் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.