டைமிங்: நிறுத்தி வைப்பதா, ஸ்ட்ரோபில் பார்ப்பதா?

டிரையம்ப் போனவில் 650 பைக்கில் பாயிண்டை (தீப்பொறியைத் தூண்டும் பழைய இயந்திர சுவிட்சை) எடுத்துவிட்டு போயர் பிரான்ஸ்டன் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியவர்களுக்கு டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, வைக்க இரண்டு வழி உண்டு.

எஞ்சினை ஓட்டாமலே வைக்கலாம். பிஸ்டன் உச்சிக்கு வர 38 டிகிரி இருக்கும்போது கிராங்கை நிறுத்தி, ஸ்டேட்டர் தட்டின் (இக்னிஷனின் சுற்றாத பாகம்) ஓட்டை வழியே ரோட்டர் (சுற்றும் பாகம்) குறி தெரியும்படி தட்டைத் திருப்பி இறுக்க வேண்டும். சுலபம்தான். ஆனால் அந்த ரோட்டர் சுற்றுவது கேம்ஷாஃப்டோடு, அதாவது கிராங்கின் பாதி வேகத்தில். அங்கே 1 டிகிரி பிசகினால் கிராங்கில் 2 டிகிரி பிசகும். கியர் பற்களின் லூஸ் வேறு. வண்டி ஸ்டார்ட் ஆக இது போதும், நம்பி விரட்ட இது போதாது.

என் ஓட்டு, ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும் ஸ்ட்ரோப் விளக்குக்குத்தான். பிரைமரி கவரின் சின்ன மூடியைக் கழற்றி, சுமார் 5000 ஆர்பிஎம்மில் விளக்கைக் காட்டினால், ஆல்டர்னேட்டர் ரோட்டரின் கோடு முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். ஐடிலில் பார்த்துப் பயனில்லை, முழு அட்வான்ஸ் (தீப்பொறி அந்த 38 டிகிரி முந்தி விழுவது) அப்போது வந்திருக்காது. விளக்குக்குத் தனி பேட்டரி கொடுங்கள். அப்புறம், பழைய ஆல்டர்னேட்டர் ரோட்டரின் நடுப்பகுதி தளர்ந்து கோடே இடம் மாறியிருக்கலாம். டிகிரி டிஸ்க் (டிகிரி அளவு போட்ட வட்டத் தட்டு) வைத்து முதலில் அதைச் சரிபாருங்கள்.