ஏர் ரைஃபிளுக்கு வேறு ட்ரிகர் மாட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது: காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேட்டைக்காரன் இல்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது நம் ஊரில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே கிடையாது. ஊசுடு ஏரிப் பக்கம் போய் நாலு மடையான் அடிக்க இது உதவுமா என்று கேட்க வந்தவர்கள் இத்தோடு கிளம்பலாம். என்னிடம் இருப்பது குழலை மடக்கி லோடு பண்ணும் சாதாரண 0.177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். 4.5 மி.மீ. துளை, 20 ஜூலுக்குள் சக்தி, அதனால் லைசென்ஸ் தேவையில்லை, அடையாளச் சான்று கொடுத்து வாங்கியது. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் வழியில் அத்தை வீட்டுத் தோப்பு இருக்கிறது. அங்கே உயரமான மண்மேட்டுக்கு எதிரே 10 மீட்டரில் அட்டை வைத்துச் சுடுவதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

கம்பெனி கொடுத்த ட்ரிகர் பிளாஸ்டிக். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும், எப்போது வெடிக்கும் என்று விரலுக்குத் தெரியவே தெரியாது. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தால் இரண்டரை கிலோ காட்டியது. துப்பாக்கியே மூன்று கிலோ சொச்சம்தான். அதை ஆடாமல் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் இரண்டரை கிலோவை இழுத்தால் குழல் வலது பக்கம் போகாமல் என்ன செய்யும்? என் அட்டையில் ஓட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்ததற்கு குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

வாங்கியது எஃகில் வெட்டிய ட்ரிகர், திருப்பி அளவு வைக்கும் குட்டி ஸ்க்ரூ (செட் ஸ்க்ரூ) இரண்டு உள்ளது, நம் நாட்டிலேயே ஒரு சின்னப் பட்டறையில் செய்தது, இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஸ்டாக்கை, அதாவது துப்பாக்கியின் கட்டையைக் கழற்றி, ஒரு பின்னைத் தட்டி எடுத்து, பழையதை உருவிப் புதியதைச் செருக வேண்டும். நடுவில் இருக்கும் குட்டி ஸ்பிரிங் பறந்து போகாமல் ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள். என் மாடலில் பிஸ்டனைத் தள்ளும் மெயின் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். சில மாடல்களில் அந்தப் பின்னை எடுத்தால் முழு ஸ்பிரிங்கும் சீறிக்கொண்டு வெளியே வரும், அவற்றுக்கு அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும், அது இல்லையென்றால் கை வைக்காதீர்கள்.

இதில் விஷயமே அந்த இரண்டு ஸ்க்ரூதான். உள்ளே பிஸ்டனைக் கவ்விக்கொண்டிருக்கும் சியரை ட்ரிகர் எந்த இடத்தில் தொட்டுத் தள்ளுகிறது என்பதை அவை மாற்றுகின்றன. முதல் கட்டத்தில் லேசாகப் போய், பிறகு ஓர் இடத்தில் 'டக்'கென்று நிற்கும், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வெடிக்கும். கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் தராசில் பார்த்து, கடைசியில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிறுத்தினேன். புதுச்சேரியிலிருந்து மாமா வந்திருந்தார், பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. இரண்டு மூன்று பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) சுட்டுவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான் எங்க நிக்குதுன்னு விரலுக்குத் தெரியுது மாப்ள. ஆனா இதுக்கு மேல லேசாக்காத." அவர் சொன்னது சரி. எடை குறைந்ததைவிட அந்த நிற்கும் இடம் தெளிவாகத் தெரிவதுதான் லாபம். 10 மீட்டரில் 25 மி.மீ. அகலத்தில் சிதறியது 15-க்குள் வருகிறது. துப்பாக்கியின் துல்லியம் கூடிவிட்டது என்று இதைச் சொல்ல முடியாது, நான் கெடுப்பது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மட்டமான பெல்லட் போட்டால் பழையபடி சிதறத்தான் செய்கிறது. ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தாலும் அதே கதைதான்.

துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பிறந்த ஊர் கடலூர் என்பதால் இங்கே பையன்களுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் மேல் தனி ஆசை. போட்டித் துப்பாக்கி மாதிரி தொட்டாலே வெடிக்கிற அளவுக்கு வைக்கலாமே என்று கேட்கிறார்கள். போட்டி விதியில் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் ட்ரிகர் எடை வேண்டும், ஏர் ரைஃபிளுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவை ஸ்பிரிங் இல்லாமல், முன்பே அடைத்த காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கிகள், ட்ரிகரே அதற்கென்று செய்தது. நம்முடையதில் குழலை மடக்கிப் பிடித்துக்கொண்டு பெல்லட் செருகும்போது சியர் நழுவினால் குழல் படீரென்று மூடும், கட்டைவிரல் போய்விடும். அமெரிக்காவில் மான் வேட்டைக்கான ரைஃபிளுக்குத் தனியாக விற்கும் ட்ரிகர்களையே பெரும்பாலும் 3 பவுண்டு, அதாவது 1.4 கிலோ வாக்கில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆகவே ஒரு கிலோவுக்குக் கீழே இறங்க நான் தயாரில்லை. லோடு பண்ணும்போது இன்னொரு கை எப்போதும் குழலை விடாமல் பிடித்திருக்கட்டும்.

அப்புறம், இரண்டு தொல்லைகள்: துப்பாக்கியின் உதைப்பு, நம் ஊர் உப்புக்காற்று. ஸ்பிரிங் ரைஃபிள் முன்னும் பின்னுமாக உதைப்பதால் செட் ஸ்க்ரூ தானாகவே தளர்ந்துவிடும். இரண்டாவது மாதமே 'டக்' மழுங்கியது, பார்த்தால் பின் ஸ்க்ரூ நகர்ந்திருந்தது. ஸ்க்ரூவைப் பூட்டும் நீலப் பசை ஒரு சொட்டு, ஊசிமுனையால் தொட்டு வைத்ததும் சரியாகிவிட்டது. ஒரு சொட்டு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2014-ல் ரெமிங்டன் 700 ரைஃபிள்களை எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகருக்காகத் திரும்பப் பெற்றார்களே, அதில் பொருத்தும்போது பசை அதிகமாகப் போனதால் ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கும் அபாயம் இருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அப்படி. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஸ்டாக்கைக் கழற்றியபோது ஸ்க்ரூ தலையில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருந்தது. எஃகுத் தகட்டில் கருப்புப் பூச்சு இருந்ததால் அது பிழைத்தது, ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸில் மாற்றிவிட்டேன். சியர் தொடும் இடத்தில் மட்டும் துளி மாலி (மாலிப்டினம்) கிரீஸ். எண்ணெயை வழியவிட்டால் அது பிஸ்டன் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் சேம்பருக்குள் இறங்கிப் புகைந்து வெடிக்கும், சீல் போய்விடும்.

ஒவ்வொரு முறை ஸ்க்ரூவைத் தொட்ட பிறகும் ஒரு சோதனை செய்கிறேன். பெல்லட் போட்டு, குழலை மண்மேட்டை நோக்கி வைத்து, பின்கட்டையை ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு. வெடித்தால் அந்த செட்டிங் உதவாது. சேஃப்டி போட்டு ட்ரிகரை இழுத்தும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ட்ரிகரின் தடிமன் கொஞ்சம் மாறினாலும் சிலவற்றில் சேஃப்டி சரியாக விழாது. பெல்லட் இல்லாமல் மட்டும் சுடாதீர்கள், பிஸ்டன் போய் மோதிக் கெட்டுவிடும்.

வாங்கலாமா என்றால், மாதத்துக்கு ஒரு நாள் டப்பா உருட்டுகிறவர்களுக்கு வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல பெல்லட் வாங்குங்கள். அட்டை வைத்து ஒழுங்காகச் சுடுகிறவர் என்றால் ஸ்கோப் மாற்றுவதற்கு முன்னால் இதை மாற்றுங்கள். வாரண்டி இருந்தால் முடியும்வரை பொறுங்கள். பழைய பிளாஸ்டிக் ட்ரிகரையும் பின்னையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், துப்பாக்கியை விற்க வேண்டி வந்தால் பழையபடி மாட்டிக் கொடுத்துவிட்டு இதைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.